எம்.சி. ராஜாவின் வாக்கு: 1938இல் வென்ற மசோதாவும் தோற்ற மசோதாவும்

1938ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஒரே உறுப்பினர் தீண்டாமைக்கு எதிராக இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். ஒன்று சட்டமாயிற்று. மற்றொன்று தோற்கடிக்கப்பட்டது. அவையும் ஆளுங்கட்சியும் முதன்மை அமைச்சரும் மாறவில்லை. பொதுக்கிணற்றிலும் தெருவிலும் அரசுப் பணியிலும் நம் மக்களுக்கு இருந்த தடைகளை நீக்கிய முதல் மசோதாவுக்குக் கைதூக்கியவர்கள், கோயில் கதவைத் திறக்கச் சொன்ன இரண்டாவது மசோதாவுக்கு எதிராக வாக்களித்தனர். அவர்களுள் நம் மக்களின் பெயரால் தனித்தொகுதிகளில் வென்று வந்தவர்களும் இருந்தனர். அந்த உறுப்பினர் மயிலை சின்னத்தம்பி ராஜா.

எம்.சி. ராஜா என்றால் இன்றைய கல்லூரி மாணவர்களுள் பலருக்குச் சைதாப்பேட்டையில் அவர் பெயர் தாங்கிய விடுதி நினைவுக்கு வரும். இயக்கத் தோழர்களுக்கு ராஜா–மூஞ்சே ஒப்பந்தம் நினைவுக்கு வரும். அண்ணல் அம்பேத்கருக்கு எதிர்நின்றவர் என்ற ஒற்றை வரியோடு அவரை முடித்துவிடுவோரும் உண்டு. விடுதிப் பெயர்ப்பலகைக்கும் அந்த ஒற்றை வரிக்கும் நடுவே ஏறத்தாழ இருபதாண்டுச் சட்டமன்ற வாழ்வு கிடக்கிறது. ஒரு மக்கள் பிரதிநிதியை அவர் எப்படி வாக்களித்தார், அதற்கு என்ன காரணம் சொன்னார் என்பதைக் கொண்டு மதிப்பிடுவதே நேர்மையான வழி என்று நாம் கருதுகிறோம்.

ராஜா 1883 ஜூன் 17 அன்று சென்னையை அடுத்த பரங்கிமலையில் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். ஆசிரியராகப் பணியாற்றிப் பள்ளிப் பாடநூல்கள் எழுதினார். அவருடைய பொதுவாழ்வு வகுப்பறையிலிருந்து தொடங்கியது என்பது சிறு செய்தியன்று. சேரிப் பிள்ளைகள் பள்ளித் திண்ணையில்கூட அமர முடியாதிருந்த காலத்தில் பட்டம் பெற்று ஆசிரியரானவர், அவைக்குப் போனபின்னும் கல்வி குறித்தே அதிகம் பேசினார். 1916இல் ஆதி திராவிட மகாஜன சபையின் செயலாளரானார். நீதிக்கட்சியிலும் சேர்ந்தார்.

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி 1920இல் தேர்தல் நடந்தபோது, வாக்குரிமை சொத்தையும் வரியையும் அளவுகோலாகக் கொண்டிருந்தது. நிலம் மறுக்கப்பட்ட மக்களுக்கு வாக்கு எங்கிருந்து வரும்? எனவே ராஜா சென்னை மாகாண மேலவைக்குள் ஆளுநரின் நியமனத்தால் வந்தார். நியமன உறுப்பினரின் நிலை இரண்டுங்கெட்டான் நிலை. அவருக்கு வாக்காளர் இல்லை. ஆகவே வாக்களித்ததற்குக் கணக்குச் சொல்ல வேண்டிய சட்டப்பூர்வக் கடமையும் இல்லை. நியமித்த அரசோ தன் பக்கம் கைதூக்குவார் என்று எதிர்பார்க்கும். இத்தகைய இருக்கையில் அமர்ந்துகொண்டு, யாரும் கேளாதபோதும், தாம் எந்த மக்களுக்காக வாக்களிக்கிறோம் என்பதை ராஜா அவையில் விளக்கிப் பேசிவந்தார். ஒடுக்கப்பட்ட இந்துக்கள் என்னும் பொருள்படும் தலைப்பில் 1925இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலை அந்த விளக்கத்தின் தொடர்ச்சியாகவே நாம் வாசிக்கலாம்.

மேலவையில் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வெற்றி 1922இல் வந்தது. அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்று எழுதுவதை விடுத்து, தமிழ்ப் பகுதியில் ஆதி திராவிடர் என்றும் தெலுங்குப் பகுதியில் ஆதி ஆந்திரர் என்றும் குறிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் கொண்டுவந்தார்; அரசு அதனை ஏற்றது. பெயர் மாற்றத்தால் வயிறு நிறையுமா என்று அன்றும் கேட்டனர், இன்றும் கேட்கின்றனர். வழக்கறிஞர்களாகிய நமக்கு அக்கேள்வி சற்று வியப்பையே தருகிறது. பட்டாவிலும் காவல்துறைப் பதிவேட்டிலும் பள்ளிச் சேர்க்கைப் புத்தகத்திலும் ஒருவரை இழிசொல்லால் எழுதும் அதிகாரம் அரசுக்கு இருந்தால், அந்த ஆவணத்தைக் கையில் வாங்கும் ஒவ்வொரு முறையும் அவர் இழிவை ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறார்.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டிலேயே கட்சிக்கும் அவருக்கும் இடையில் விரிசல் விழுந்திருந்தது. 1921இல் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதி திராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினர். அதையொட்டிப் புளியந்தோப்பில் மூண்ட வன்முறையில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. நீதிக்கட்சித் தலைமை சாதி இந்துத் தொழிலாளர் பக்கமே நின்றது. ஆதி திராவிடர்களுக்கு அரசின் தொழிலாளர் துறை அளவுக்கு மீறிச் சலுகை காட்டியதே கலவரத்துக்குக் காரணம் என்று குற்றம் சாட்டியது. எரிந்த குடிசைக்காரர் மீதே பழி விழுந்தது. அந்தக் கட்சியின் அணியில் அமர்ந்திருந்தவர் ராஜா. பிராமணரல்லாதார் என்ற பெரிய குடைக்குள் தம் மக்களுக்கு இடம் இருக்கிறதா என்னும் கேள்வியை அவர் கேட்கத் தொடங்கினார். 1923இல் கட்சியை விட்டு வெளியேறினார். ஆளுங்கட்சியின் நிழலிலிருந்து தாமாக விலகுவது அன்றும் எளிதன்று.

1926ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் அவர் டில்லியில் மத்திய சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். 1937 வரை அங்கே இருந்தார். நாடு முழுவதிலுமுள்ள ஒடுக்கப்பட்ட மக்களின் பேராளராக அந்த அவையில் முதலில் அமர்ந்தவர் அவரே. அங்கே அவர் அளித்த வாக்குகளில் இன்றுவரை வசைக்கு ஆளாவது 1928 பிப்ரவரியில் அளித்த வாக்கு. இந்தியர் எவரும் இல்லாத சைமன் குழுவின்மீது நம்பிக்கையில்லை என்னும் தீர்மானத்தை லாலா லஜபதி ராய் முன்மொழிந்தார். 68க்கு 62 என்ற கணக்கில் அது நிறைவேறியது. ராஜா எதிர்ப்பக்கம் நின்றார்.

தேசத்துரோகம் என்று அதனை எழுதிவிட்டு நகர்வது பள்ளிப் பாடநூலின் வழக்கம். அவர் நின்ற இடத்தில் நாமும் சற்று நின்று பார்ப்போம். இந்தியர் இல்லாத குழு இந்தியரை எப்படி ஆராயும் என்று கேட்டவர்கள், தங்கள் சொந்த அரசியல் மாநாடுகளில் சேரியிலிருந்து எத்தனை பேரை அமரவைத்தனர்? பிரதிநிதித்துவம் இல்லாமை அவமானம் என்றால், அந்த அவமானத்தை நெடுங்காலமாகச் சுமந்தவர்களுக்குக் கோரிக்கையை எடுத்துவைக்கக் கிடைத்த ஒரு வாசலை அடைக்கும் உரிமை யாருக்கு இருந்தது? அரசு நியமித்த உறுப்பினர் அரசோடு வாக்களித்தார் என்பது உண்மை. அதே சமயம் அண்ணல் அம்பேத்கரும் பூனாவில் சைமன் குழு முன் சாட்சியம் அளித்தார் என்பதும் உண்மை. அவரை யாரும் நியமனத்தால் வாயடைத்தவர் என்று சொல்ல இயலாது. சைமன் குழுவோடு சேர்ந்து பணியாற்ற அமைக்கப்பட்ட இந்திய மத்தியக் குழுவில், சர் சங்கரன் நாயரின் தலைமையின்கீழ், ராஜாவும் உறுப்பினரானார். அக்காலத்தில் அவர் தனி வாக்காளர் தொகுதியை ஆதரித்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஏனெனில் 1932இல் அவர் தலைகீழாக மாறினார். வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அழைக்கப்பட்டனர், ராஜா அழைக்கப்படவில்லை. அந்தப் புறக்கணிப்பின் காயம் அவருடைய முடிவில் எவ்வளவு வேலை செய்தது என்று அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் அவர் செய்துகொண்ட உடன்படிக்கை, தனி வாக்காளர் தொகுதியைக் கைவிட்டு, மக்கள்தொகைக்கேற்ற ஒதுக்கீட்டோடு கூட்டு வாக்காளர் தொகுதியை ஏற்றது. இடங்களின் எண்ணிக்கை கூடும் என்பதே அதற்குரிய நியாயம். அம்பேத்கர் கடுமையாக எதிர்த்தார். ஆகஸ்டில் வெளியான வகுப்புவாரித் தீர்ப்பு தனி வாக்காளர் தொகுதியை வழங்கியது. காந்தி எரவாடா சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சென்னை மாகாணத்தில் 18 என்றிருந்த இடம் 30 ஆயிற்று. அம்பேத்கர் வேறு வழியற்றுக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், ராஜா விரும்பியே கையெழுத்திட்டார்.

இங்கே நம் கருத்தை ஒளிக்க வேண்டியதில்லை. ராஜா கணக்கில் வென்று பொருளில் தோற்றார். ஓர் இருக்கையில் யார் அமர்கிறார் என்பதைவிட, அவரை அங்கே அனுப்புவது யார் வாக்கு என்பதே அவர் எப்படிக் கைதூக்குவார் என்பதைத் தீர்மானிக்கிறது. தொகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதி இந்துக்களின் வாக்கால் வெல்பவர், அந்தச் சாதி இந்துக்கள் விரும்பாத மசோதாவுக்கு எப்படி வாக்களிப்பார்? இந்தக் கேள்விக்கான விடையை ராஜா ஆறே ஆண்டுகளில் தம் கண்ணாலேயே காண நேர்ந்தது.

பூனா ஒப்பந்தத்துக்குப் பின் தீண்டாமை ஒழிப்பு அலை எழுந்தது. சென்னை மேலவையில் சுப்பராயன் கொண்டுவர முயன்ற கோயில் நுழைவு மசோதாவுக்கு வைஸ்ராய் இசைவு மறுத்தார். டில்லியில் ரங்க ஐயரின் மசோதா 1933இல் அறிமுகமாயிற்று. காந்தி அதற்காக எழுதினார், இராஜகோபாலாச்சாரி டில்லியில் தங்கி ஆதரவு திரட்டினார். 1934இல் மத்திய சட்டமன்றத் தேர்தல் நெருங்கியதும் காங்கிரஸ் பின்வாங்கியது. முன்மொழிந்த ரங்க ஐயரே காங்கிரசைச் சாடிவிட்டு மசோதாவைத் திரும்பப் பெற்றார். தேர்தலுக்கும் கோயிலுக்கும் இடையே எதைத் தேர்ந்தார்கள் என்பதை அதே அவையில் உறுப்பினராய் இருந்த ராஜா அருகிலிருந்து பார்த்தார்.

1937 தேர்தலில் ராஜா முதன்முறையாக வாக்குப் பெற்ற உறுப்பினராகச் சென்னைச் சட்டமன்றத்துக்கு வந்தார். 215 இடங்களில் 159ஐக் காங்கிரஸ் வென்றது. தனித்தொகுதிகள் 30இல் 26 அக்கட்சிக்குப் போயின. காங்கிரஸ் உடனே பதவியேற்க மறுத்ததால் கூர்ம வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் அமைந்த இடைக்கால அமைச்சரவையில் ராஜா வளர்ச்சித் துறை அமைச்சரானார். ஏப்ரல் முதல் ஜூலை வரை, சில மாதங்களே. பின்னர் இராஜாஜி அமைச்சரவை வந்தது.

அந்த அவையில்தான் நாம் தொடக்கத்தில் சொன்ன இரண்டு மசோதாக்களும் வந்தன. முதலாவது 1938ஆம் ஆண்டின் 21ஆம் சட்டமான குடிமைத் தகுதியின்மைகள் நீக்கச் சட்டம். பொது நீர்நிலை, கிணறு, சாலை, கழிப்பிடம், போக்குவரத்து வண்டி, பொதுப்பணத்தால் நடக்கும் சமயச் சார்பற்ற நிறுவனம் ஆகியவற்றில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது. அரசுப் பணிக்கும் அத்தடை கூடாது. நீதிமன்றங்கள் தீண்டாமை வழக்காற்றை ஏற்றுத் தீர்ப்பளிக்கக் கூடாது. இந்தக் கடைசிக் கூறின் ஆழத்தை எளிதில் கடந்துவிடக் கூடாது. அதுவரை சாதி இந்து ஒருவர் உரிமையியல் நீதிமன்றம் சென்று, இந்தத் தெருவில் இன்னார் நடக்கும் வழக்கம் இல்லை என்று மெய்ப்பித்துத் தடையாணை பெற முடிந்தது. வழக்கம் சட்டத்துக்கு இணையாக எண்ணப்பட்டது. ராஜாவின் சட்டம் வழக்கத்தின் கையிலிருந்து நீதிமன்ற முத்திரையைப் பிடுங்கியது. அரசு சாராத உறுப்பினர் ஒருவரின் மசோதா இது என்பதையும் குறிக்க வேண்டும். விடுதலைக்குப் பின் நாடாளுமன்றத்தில் 14 தனிநபர் மசோதாக்களே சட்டமாகியுள்ளன. 1970க்குப் பின் ஒன்றும் இல்லை.

இரண்டாவது மசோதா மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவு. குளத்துக்கும் கிணற்றுக்கும் தலையசைத்த அரசு இங்கே நின்றுவிட்டது. திருவிதாங்கூரில் 1936இல் அரச அறிவிப்பால் கோயில்கள் திறக்கப்பட்டதால், அதனை அடுத்த மலபாரில் பொதுமனம் பக்குவப்பட்டிருக்கிறது. ஆகவே மலபாருக்கு மட்டும் அரசே ஒரு மசோதா கொண்டுவரும் என்றார் இராஜாஜி. ராஜா தம் மசோதாவைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மலபார் மசோதாவோ சாதி இந்து வாக்காளர்களின் பெரும்பான்மை விருப்பத்தைக் கேட்டறிந்த பின்னரே கதவைத் திறக்கும். உள்ளே நுழைய வேண்டியவரைத் தவிர மற்றவரிடம் கருத்துக் கேட்கும் சட்டம் அது.

ராஜா திரும்பப் பெறவில்லை. வாக்கெடுப்பு நடந்தது. காங்கிரஸ் தன் பெரும்பான்மையால் மசோதாவைத் தோற்கடித்தது. அக்கட்சியின் சின்னத்தில் வந்த தனித்தொகுதி உறுப்பினர்களும் கட்சிக் கட்டளையின்படியே வாக்களித்தனர். உள்ளத்தில் அவர்கள் கோயில் நுழைவை விரும்பாதவர்களா? அப்படிச் சொல்ல நமக்கு எந்த ஆதாரமும் இல்லை. அவர்களைத் துரோகிகள் என்று எழுதவும் நம் கை வரவில்லை. அவர்களுடைய தொகுதியில் தேர்தலை முடிவு செய்தவர்கள் வேறு, வேட்பாளராக்கிய கட்சி வேறு, எந்த மக்களின் பெயரால் இடம் ஒதுக்கப்பட்டதோ அவர்கள் வேறு. மூன்று எசமானர்களில் பெயர் கொடுத்தவருக்கு மட்டுமே தண்டிக்கும் வல்லமை இல்லை.

ராஜா காந்திக்குக் கடிதம் எழுதினார். பூனாவில் கொடுத்த உறுதிமொழி என்ன ஆயிற்று, அதனை நம்பிக் கூட்டுத் தொகுதியை ஏற்றவர்களின் நிலை என்ன என்பதே கடிதத்தின் சாரம். இராஜாஜியை நம்புங்கள், அவரைவிட உங்களுக்கு நல்ல நண்பர் இல்லை என்ற பொருளில் பதில் வந்தது. காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதோருக்கு என்ன செய்தனர் என்பதை ஆராய்ந்து அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட நூலில் இந்தக் கடிதப் போக்குவரத்து அச்சேறியது. 1932இல் தம்மை எதிர்த்தவரின் கடிதங்களை அம்பேத்கர் சான்றாவணமாக முன்வைத்தார் என்பதில் ஒரு நயம் இருக்கிறது. பூனா ஒப்பந்தத்தின் குறையை அதன் எதிரி எடுத்துச் சொல்வதைக் காட்டிலும் அதன் ஆதரவாளர் சொல்வது வலிமையான சாட்சியம் என்பதை அந்த வழக்கறிஞர் அறிந்திருந்தார்.

இன்றைய சட்டத்தில் இந்தக் கட்டு தளரவில்லை, இறுகியிருக்கிறது. 1985இல் அரசமைப்பில் சேர்ந்த பத்தாம் அட்டவணை, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினரின் பதவியையே பறிக்கிறது. 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம், நம்பிக்கை வாக்கெடுப்பு, கட்சியின் அடிப்படைக் கொள்கை போன்றவற்றுக்கே இந்தத் தடையைச் சுருக்கிப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. நடைமுறையில் அந்தச் சுருக்கத்தை மதிக்கும் கொறடாவைக் காண்பது அரிது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் இன்று பட்டியல் சாதியினருக்கு 44, பழங்குடியினருக்கு 2 இடங்கள் உள்ளன. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிடுவதால், அந்த 46 பேரும் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தனர் என்று பெயர்வாரியாக நாம் அறிய வழியே பெரும்பாலும் இருப்பதில்லை. பெயரைப் பதிவு செய்யும் வாக்கெடுப்பைக் கோருமாறு நம் உறுப்பினர்களை நாம் கேட்கலாம். கட்சியை மீறு என்று கேட்பதற்கு முன்னால் கேட்கவேண்டியது இதுதான். இதற்குப் பதவி போகாது.

கோயில் நுழைவின் மீதிக் கதை வேகமாக நடந்தது. 1939 ஜூலை 8 அன்று மதுரையில் வைத்தியநாத ஐயர் முன்னின்று கக்கன் உள்ளிட்டோரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். வழக்குகள் வரும் என்ற அச்சம் எழுந்ததும், அரசு உடனே அவசரச் சட்டம் பிறப்பித்து, பின்னர் அதனைச் சட்டமாக்கியது. முந்தைய ஆண்டு பக்குவப்படாதிருந்த பொதுமனம் சில மாதங்களில் பக்குவப்பட்டுவிட்டது போலும். அந்தச் சட்டமும்கூட, அறங்காவலர் முன்வந்தால் திறக்க இசைவளித்ததே தவிர, திற என்று கட்டளையிடவில்லை. மாகாணம் முழுவதற்குமான உரிமை 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. ராஜா அதனைக் காணவில்லை.

அவருடைய அரசியலின் கடைசித் திருப்பம் 1942இல் நிகழ்ந்தது. கிரிப்ஸ் தூதுக்குழு டில்லிக்கு வந்தபோது, மார்ச் 30 அன்று ராஜாவும் அம்பேத்கரும் சேர்ந்து சென்று கிரிப்சைச் சந்தித்தனர். இருவரும் கையொப்பமிட்ட கடிதம் ஏப்ரல் 1 அன்று அனுப்பப்பட்டது. முன்வைக்கப்பட்ட திட்டம் ஒடுக்கப்பட்ட மக்களைப் போதிய பாதுகாப்பின்றி இந்துப் பெரும்பான்மையின் கையில் ஒப்படைக்கும் என்பதே அவர்களின் நிலைப்பாடு. பத்தாண்டுகளுக்கு முன் எதிரெதிர் அணியில் நின்ற இரு பெயர்களும் ஒரே தாளில் அடுத்தடுத்து இடம்பெற்றன. இதை ராஜாவின் மனமாற்றம் என்று நாம் சொல்லமாட்டோம். 1923இல் நீதிக்கட்சியிலிருந்து வெளியேறிய மனிதரும் இவரேதான்.

ராஜா உயிரோடிருந்தபோதே 1930இல் அவருடைய வாழ்க்கையையும் உரைகளையும் தொகுத்து நூலாக்கியவர் ஜெ. சிவசண்முகம் பிள்ளை. 1937இல் சென்னை மேயரான அவர், 1946இல் சட்டமன்றத் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார்; நியமனம் பெற்று உள்ளே வந்தவரின் உரைகளைத் தொகுத்தவர், யார் பேசலாம் என்று அனுமதிக்கும் இடத்துக்கு உயர்ந்தார். அந்தத் தொகுப்பு 1930இல் முடிந்துவிடுவதால் ராஜா–மூஞ்சே ஒப்பந்தமும் 1938ஆம் ஆண்டு வாக்கெடுப்பும் அதில் இல்லை. அவையில் அவர் ஆற்றிய பிற்கால உரைகளைச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளிலிருந்து தேடியெடுத்துத் தமிழில் தரும் பணி, ஆய்வு மாணவர்களுக்காகக் காத்திருக்கிறது.

1943 ஆகஸ்ட் 20 அன்று பரங்கிமலையில் ராஜா காலமானார். 1955இல் நாடாளுமன்றம் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தை இயற்றியபோது, அச்சட்டத்தோடு பொருந்தும் அளவுக்கு நீக்கப்படும் பழைய மாகாணச் சட்டங்களின் பட்டியலை அதன் இறுதியில் அட்டவணையாகச் சேர்த்தது. 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறி, இன்றும் நாம் வழக்குத் தொடுக்கும் அந்தச் சட்டத்தின் கடைசிப் பக்கத்தில், 1938ஆம் ஆண்டின் 21ஆம் சென்னைச் சட்டம் அந்தப் பட்டியலில் ஒன்றாக இருக்கிறது. கொண்டுவந்தவரின் பெயர் அங்கே இல்லை.